விடை மாறாமல் நீக்குதல்

1

மதுரையை விட்டு வந்து மூன்றாண்டு நிறைந்த வாரத்திலேயே எனக்கு மதிப்பாய்வும் வந்தது. ஊரிலிருந்து இதைப் படிப்போருக்கு அதன் எடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வசிப்பது ஜெர்மனியில், டிராம் ஓடும் ஒரு நடுத்தர ஊரில். செய்வது கணினி அறிவியல் கோட்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு. மூன்றாம் ஆண்டின் முடிவில், வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் முன்னே நின்று என் முடிவுகளை நிறுவிக் காட்ட வேண்டும். அவர் நிறைவு கொண்டால் பல்கலைக்கழகத்தோடு என் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால் விசா நீளும். நீளாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அஞ்சினாயா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். கல்லூரி நாள்களில் மதுரையைச் சுற்றி நான் ஏறாத பேச்சுமேடை குறைவு. எதிரே குழந்தை அழும். பின்னே ஜெனரேட்டர் உறுமும். நடுவரின் கை மணிமேல் இருக்கும். அத்தனைக்கும் மேலே குரலை நிறுத்தி, எடுத்த வாதத்தைக் கட்டி முடித்து, கைதட்டலோடு இறங்கியவள் நான். பத்துப் பதினைந்து பேர் அமைதியாக உட்கார்ந்து கேட்கும் ஓர் அறையா என்னை அசைத்துவிடும்?

இந்த நெஞ்சுறுதியோடுதான் அந்த வாரத்துக்குள் நுழைந்தேன். சனிக்கிழமை மாலை செல்லூரிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

2

கேள்வியைச் சொல்லுமுன் என் துறையைச் சொல்ல வேண்டும். அதை எனக்கே நன்றாகப் புரியவைத்தது இந்த ஊரின் அயல்நாட்டார் அலுவலகம்.

முதலாண்டில் வதிவிட அனுமதிக்காக அங்கே போனபோது ஒரு மூட்டையையே சுமந்து போனேன். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு முதல் எல்லா மதிப்பெண் சான்றிதழ்களும், அவற்றின் நகல்களும், நகல்களுக்குப் பச்சை மையில் மேலொப்பமும். போதாதென்று பேச்சுப்போட்டிச் சான்றிதழ்களையும் நெகிழி உறையிலிட்டு வைத்திருந்தேன். நம் ஊரில் ஓர் அலுவலகத்துக்குப் போகிறவர் ஒரு காகிதத்தை வீட்டில் மறந்துவிட்டால் அந்த ஒன்றைத்தான் கேட்பார்கள். ஆகவே எதையும் மறக்காமல் வந்திருந்தேன். என் பெயரையும் மறக்கவில்லை: மங்கையர்க்கரசி. கணினித் திரையில் அதற்கு ஒதுக்கிய கட்டம் பாதியிலேயே நிறைந்துவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த அலுவலர் பெண்மணி மூட்டையைப் பிரித்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "இது அழகாக இருக்கிறது. எனக்கு வேண்டாம்," என்று பேச்சுப்போட்டிச் சான்றிதழைத் திருப்பித் தந்தார். பிறகு இன்னொன்று. பிறகு பெருங்கட்டு ஒன்று. முடிவில் அவர் மேசையில் சில தாள்களே எஞ்சின. என் வாழ்வை இப்படியா உதறுவது என்று முகம் சுருங்கிப்போனேன்.

"வருத்தப்படாதீர்கள்," என்றார் அவர். "இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இவை இருந்தாலும் என் முடிவு இதுதான். இல்லாவிட்டாலும் இதுதான்."

டிராமில் திரும்பும்போது முகச்சுளிப்பு மறைந்து சிரிப்பு வந்தது. என் பேராசிரியர் பல வாரமாகச் சொல்லிவந்ததை அந்த அம்மையார் ஒரே வரியில் சொல்லிவிட்டார். விடை மாறாதவரை எதையெல்லாம் வெளியே எடுக்கலாமோ அதையெல்லாம் முதலில் எடுத்துவிடு. எஞ்சுவதை வைத்துக்கொண்டு பிறகு மல்லுக்கட்டு. நிலக்கடலையின் தோட்டை உடைத்துப் பருப்பை எடுப்பது போன்ற இந்த வேலைக்கு எங்கள் துறையில் கெர்னலாக்கம் என்று பெயர். எஞ்சும் பருப்புக்குப் பெயர் கெர்னல்.

3

எந்தச் சிக்கலின் பருப்பு? அதையும் சொல்கிறேன். கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புள்ளியும் கோடும் போதும்.

தாளில் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். இருவருக்குப் பழக்கம் இருந்தால் அவர்களுக்கிடையே ஒரு கோடு. நமக்கு ஓர் எண் தரப்படுகிறது. அதை k என்போம். அதிகபட்சம் k பேரை நாம் நீக்கலாம். நீக்கியபின் எஞ்சுவோரிடையே ஓர் ஒழுங்கு நிற்க வேண்டும்: எனக்குப் பழக்கமானவருக்குப் பழக்கமானவர் எனக்கும் பழக்கமானவராக இருக்க வேண்டும். அதாவது, எஞ்சியவர்கள் தனித்தனிக் குழுக்களாக நிற்பார்கள். குழுவுக்குள் எல்லோருக்கும் எல்லோரும் பழக்கம். குழுவைத் தாண்டி எவருக்கும் எவரும் பழக்கமில்லை. முடியுமா, முடியாதா? கேள்வி இவ்வளவுதான்.

கேட்க எளிது. ஆனால் ஆள்கள் பெருகப் பெருக, யாரை நீக்குவது என்ற தேர்வுகள் கட்டுக்கடங்காமல் பெருகும். எல்லாப் படங்களுக்கும் விரைவாக விடை சொல்லும் வழி எவருக்கும் இன்றுவரை தெரியாது. ஆகவே முதலில் படத்தைச் சுருக்குகிறோம். லட்சம் பேர் உள்ள படமானாலும், சுருக்கியபின் எஞ்சும் ஆள்களின் எண்ணிக்கை k-ஐ மட்டுமே சார்ந்திருக்க வேண்டும். அதுவும் அளவோடு: k-இன் வர்க்கம், கனம் என்ற அளவில் ஒரு பல்லுறுப்புக்கோவைக்குள் அடங்க வேண்டும், k ஒன்று கூடும்போதெல்லாம் இருமடங்காக வீங்கக் கூடாது. இவற்றோடு ஒரு நிபந்தனை. அதுவே எல்லாவற்றிலும் கடுமையானது. பெரிய படத்துக்கு எது விடையோ, சிறிய படத்துக்கும் அதுவே விடையாக வேண்டும்.

சுருக்குவதற்கு ஒரு விதி இரட்டையர் விதி. இருவர் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள். ஒருவருக்குப் பழக்கமான பிறர் அனைவரும் மற்றவருக்கும் பழக்கமானவர்கள். இவர்கள் இரட்டையர். இருவர் மட்டுமல்ல, இப்படி ஒரு பெருங்கூட்டமே இருக்கலாம். அந்தக் கூட்டம் பெரிதாக இருந்தால் எல்லோரையும் வைத்திருக்க வேண்டியதில்லை. k-உடன் ஒன்றைக் கூட்டி, அத்தனை பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பலாம். இது துறையில் எல்லோரும் அறிந்தது. நான் உழைப்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த, இதைவிடக் கடினமான ஒரு சிக்கலில். அதற்கும் இப்படி ஒரு விதியை நிறுவினேன். அதோடு நின்றேனா? அந்தக் கூடுதல் ஒன்றும் தேவையில்லை, k பேரே போதும் என்று ஒருபடி மேலே போனேன். மதிப்பாய்வில் என் உரையின் உச்சமாக அதையே வைத்திருந்தேன்.

பேராசிரியரிடம் கரும்பலகையில் விளக்கியபோது அவர் தலையாட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நீ பேசும்போது நான் நம்பிவிடுகிறேன், மங்கை. எனக்கு அதுதான் கவலை," என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

4

அந்த வாரத்தில் அம்மா அழைத்தார். பரவை காய்கறிச் சந்தையில் கடை போட்டிருப்பவர்; விற்பனை ஓய்ந்த நேரத்தில்தான் பேசுவார். நான் டிராமில் இருந்தேன்.

"என்னடி, குரலே எழும்பல? ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தாம்மா இருக்கேன். வண்டியில இருக்கேன். இங்க மெதுவாத்தான் பேசணும்."

"அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு மெதுவாப் பேசுனா எனக்கு எப்பிடிடீ கேக்கும்?"

எதிரே இருந்தவர் திரும்பிப் பார்க்குமளவு சிரித்துவிட்டேன். அம்மா விடவில்லை. "அந்தக் கணக்கு இன்னுமா முடியல? தப்பா ரைட்டான்னு யாராச்சும் சொல்லிட்டா நீ கெளம்பி வந்துரலாம்ல?"

"ரைட்டுன்னு சொன்னா இங்கயே இருக்கணும்மா. தப்புன்னு சொன்னாத்தான் வரணும்."

"இது என்னடி கூத்து," என்றார் அம்மா. "அப்ப நான் சாமிக்கிட்ட என்னன்னு வேண்டிக்கிறது?"

மேடையில் எந்தக் கேள்விக்கும் நான் பதிலின்றி நின்றதில்லை. அன்று, "ரைட்டுன்னே வேண்டிக்கம்மா," என்று சொல்ல எனக்கு ஒரு நிறுத்தத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

5

முத்துமாரி என்ற மாரியை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. மேடையில் மட்டும் எதிரெதிர் அணி. செல்லூரில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவள். ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் அவள் பேச்சு நிற்காது. எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பட்டிமன்றத்துக்குப் போகும் பேருந்திலேயே கட்சி மாற்றிக்கொள்வோம். அவள் பேச வேண்டியதை நான் பேசுவேன். என் கட்சியை அவள் பேசுவாள். எதிரணியின் வாயாலேயே நம் வாதத்தைக் கேட்டால், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். இப்போது அவள் மதுரை நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியர். தொழிலும் எதிர்ப்பேச்சாகவே அமைந்துவிட்டது.

சனிக்கிழமை அவளை அழைத்தது கவலையால் அன்று. திங்கட்கிழமை மதிப்பாய்வில் வெல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவிக்கத்தான்.

"புள்ளி, கோடுன்னா எனக்கு ஏறாதுடி," என்றாள். "ஆளுக்குப் பேரு வையி."

"சரி. நீயும் நானும் இரட்டையர். நம்ம ரெண்டு பேருக்கும் கேன்டீன் அண்ணனத் தெரியும். லைப்ரரி அக்காவத் தெரியும். ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியாது."

"எப்பிடித் தெரியும்? அந்தக்கா கேன்டீன் பக்கமே வராது. டப்பாச் சோறு."

"ஒரே ஒரு ஆளத்தான் எடுக்கலாம். அதாவது k ஒண்ணு. என் விதிப்படி இரட்டையர்ல ஒருத்தி போதும். என்னைய வெளிய அனுப்பிட்டு உன்னைய மட்டும் வச்சுக்கிறோம்."

"ஏற்கெனவே அப்பிடித்தான இருக்கு. நீ ஜெர்மனியில, நான் செல்லூர்ல. சொல்லு."

"இப்ப சின்னப் படத்துல நீ, அண்ணன், அக்கா. உன்னைய எடுத்துட்டா ஒழுங்கு வந்துரும். விடை, முடியும். பெரிய படத்துல நானும் இருக்கேன். அங்க கேன்டீன் அண்ணன எடுத்தா மிச்சம் நீ, நான், அக்கா. மூணு பேருக்கும் மூணு பேரையும் தெரியும். அங்கயும் முடியும். விடை மாறல. பாத்தியா?"

கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தினேன். மேடைப் பழக்கம். பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு விழுந்துவிட்டால் அரங்கம் நம் பக்கம். அதற்குமேல் அங்கே எவரும் எதையும் கேட்பதில்லை.

"பஸ் கண்டக்டர்?" என்றாள் மாரி.

"என்ன பஸ் கண்டக்டர்?"

"நம்ம ரெண்டு பேருக்கும் அந்தக் கண்டக்டரையும் தெரியும்ல, பாக்கி சில்லறைய எறங்கும்போது தாரேன்பாரே. அவருக்குக் கேன்டீன் அண்ணனையும் தெரியாது, லைப்ரரி அக்காவையும் தெரியாது. அவரச் சேத்துக்க."

சேர்த்துக்கொண்டேன். சிறிய படத்தில் மாரியும் மூன்று பேரும். மாரியை நீக்கினால் மூவரும் தனித்தனி; ஒழுங்கு நிற்கிறது; முடியும். பெரிய படத்தில் நானும் இருக்கிறேன். மாரியை நீக்கினால் நான் நிற்கிறேன், மூவரையும் தெரிந்தபடி, அவர்களுக்குள்ளோ பழக்கமில்லை. என்னை நீக்கினால் அவள் நிற்கிறாள். கேன்டீன் அண்ணனை நீக்கினால் அக்காவும் கண்டக்டரும் எஞ்சுகிறார்கள், எங்களைத் தெரிந்தும் ஒருவரை ஒருவர் தெரியாமல். யாரை நீக்கினாலும் ஒழுங்கு வரவில்லை. முடியாது.

சிறியதில் முடியும். பெரியதில் முடியாது. விடை மாறிவிட்டது.

"என்னடி சத்தத்தையே காணோம்?" என்றாள் மாரி. "நெட்டு போச்சா?"

"இருக்கேன்."

"நான் சும்மாதான்டி கேட்டேன். கட்சி கிட்சி மாறிட்டனா?"

"இல்ல. உன் கட்சியிலதான் நிக்கிற."

"ஐயோ, மங்கை. திங்கக்கெழமைக்கு என்ன பண்ணுவ?"

6

என்ன செய்தேன் என்று சொல்வதில் எனக்குப் பெருமையே உண்டு. கடினமான சிக்கலிலும் இதே மூன்றாம் ஆளை நிறுத்திப் பார்த்தேன். அங்கும் என் விதி உடைந்தது. பேராசிரியருக்கு உடனே எழுதினேன். "உச்சம் விழுந்துவிட்டது, அடித்தளம் நிற்கிறதா என்று பார்க்கிறேன்," என்பதே என் கடிதம். "பார்," என்பதே அவர் பதில்.

ஞாயிறு முழுவதும் பார்த்தேன். கூடுதலாக ஒருவரை வைத்துக்கொண்டால் விதி உயிர்பெறுகிறது. கெர்னல் சற்றே பெரிதாகிறது, அவ்வளவே. பல்லுறுப்புக்கோவைக்குள் அது இன்னும் அடங்கித்தான் இருந்தது. ஆனால் k பேரே போதும் என்ற என் கூற்று போய்விட்டது. இப்போது இரண்டு வழிகள். அந்தக் கூற்றைச் சொல்லவே இல்லை என்பதுபோல உரையை ஒழுங்குசெய்துகொண்டு பேசலாம், எவருக்கும் தெரியாது. மேடை எனக்குக் கற்றுத்தந்ததும் அதைத்தான்: தளர்ந்த புள்ளியைத் தொடாதே, தாண்டிப் போ. இன்னொரு வழி, நானே எதிரணியாகவும் நிற்பது.

திங்களன்று வந்த தேர்வாளர் மெல்லிய குரல் கொண்ட அம்மையார். பாதி உரை வரை குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். இரட்டையர் விதி வந்ததும் பென்சிலைத் தூக்கினார். "அந்தக் கூடுதல் ஒருவர் தேவைதானா? மிச்சப்படுத்த முடியாதா?"

"முடியும் என்றுதான் சனிக்கிழமை மாலைவரை வாதாடினேன்," என்றேன். "முதலில் அந்தக் கட்சியையே பேசுகிறேன்."

பேசினேன். முழு மூச்சோடு, முழு நம்பிக்கையோடு, கேன்டீன் அண்ணனையும் நூலகத்து அக்காவையும் பலகையில் நிறுத்திப் பேசினேன். அவர் தலை மெல்ல அசைந்தது. "நன்றாக இருக்கிறதே," என்றார். அப்போது மூன்றாவது புள்ளியை வரைந்தேன். கோடுகளை இழுத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸை வைத்துவிட்டு விலகி நின்றேன்.

என் வாழ்நாளில் மேடையேறி வாய்மூடி நின்றது அந்த ஒருமுறைதான். அவர் பலகையைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு புள்ளியாக மறைத்துப் பார்த்தார். "ஆ," என்றார். பிறகு, "k ஒன்றாக இல்லாமல் பெரிதாக இருந்தால்?" என்றார். அதற்கும் காத்திருந்தேன்: ஒருவரை ஒருவர் அறியாதவர்களை k-ஐ விட இரண்டு பேர் கூடுதலாக நிறுத்து, இதே கதைதான் நடக்கும். விதியைவிட, அந்த விதியை இதற்குமேல் இறுக்க முடியாது என்பதைக் காட்டிய பகுதியைப் பற்றித்தான் அவர் நெடுநேரம் கேட்டார்.

நடைவழியில் காத்திருந்தேன். கதவு திறந்தது. பேராசிரியர் வெளியே வந்து கைகுலுக்கினார். "நீ தொடர்கிறாய்," என்றார். "கட்டுரையில் அந்த மூன்றாவது புள்ளிக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?"

7

"என் பேரா? கணக்குக் கட்டுரையிலயா?" மாரி நீதிமன்ற வளாகத்தில் இருந்தாள்; பின்னால் யாரோ யாரையோ கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வேணாம். நன்றின்னு போட்டா நான் உன் கட்சிக்கு வந்துட்ட மாதிரி ஆயிரும்."

"உண்மையத்தானடி போடப்போறேன்."

"k போதாதுன்னு நான் காட்டுனேன், சரி. அதுக்காக k-யோட ஒண்ணு சேத்தாப் போதும்னு நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? ரெண்டு சேக்கணுமோ, பத்துச் சேக்கணுமோ. எனக்கென்ன தெரியும்? மொதல்ல அத நிரூபி. அப்புறம் பேரு."

"கோர்ட்டு வேல இல்லையா உனக்கு?"

"வாய்தா வாங்கியாச்சு. பேசு."

டிராம் நிறுத்தத்தின் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"கேளு. இரட்டையர் கூட்டத்துல k-ய விட ஒருத்திய அதிகமா வச்சிருக்கோம். மத்தவங்கள வெளிய அனுப்பிட்டோம். இப்ப நீ யார வேணும்னாலும் எடு. ஆனா k பேருக்கு மேல எடுக்க உனக்கு உரிமை கெடையாது. சரியா?"

"சரி."

"அப்ப எப்பிடி எடுத்தாலும் அந்தக் கூட்டத்துல ஒருத்தியாவது மிஞ்சுவா."

"மிஞ்சட்டும்."

"மிஞ்சுனவ ஏதோ ஒரு குழுவுல நிக்கிறா. அந்தக் குழுவுல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இப்ப வெளிய போனவ திரும்பி வாரா. அவ எங்க நிப்பா?"

"நீயே சொல்லு," என்றாள் மாரி.

"மிஞ்சுனவ பக்கத்துல நிப்பா. இவளுக்கு யாரையெல்லாம் தெரியுமோ அம்புட்டுப் பேரையும் அவளுக்கும் தெரியும். இவளுக்குத் தெரியாத யாரையும் அவளுக்குத் தெரியாது. இவளையும் தெரியும். அதனால அந்தக் குழு உடையாது. எத்தன பேரு வெளிய போயிருந்தாலும் ஒவ்வொருத்தியா வந்து நிக்கலாம். விடை மாறாது."

பின்னால் கத்திய குரல் ஓய்ந்திருந்தது.

"மிஞ்சுனவ மட்டும் அங்கயே இருக்கணும்," என்றாள் மாரி.

"ஆமா. அது போதும்."

"ம்," என்றாள். "சரி. இப்பப் போட்டுக்க என் பேர."